ஒயர் காசுக்குக் கூடை கொடுக்காதீர்கள்
ஒயர்க் கூடை பின்னும் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காக்களுக்கு, தங்கைகளுக்கு, மதினிமார்களுக்கு,

மத்தியானம் அடுப்படி வேலையை முடித்துவிட்டு, வெளிச்சம் விழுகிற ஜன்னலோரமாக உட்கார்ந்து, மடியில் ஒயரைப் பரப்பிக்கொண்டு முடிச்சுப் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், "இவ்வளவு நல்லா பின்னுறீங்களே, இதையே ஒரு தொழிலாச் செய்யலாமே" என்று யாரோ சொன்ன வார்த்தை மனசில் தங்கிப்போய், ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று தவிக்கிறவர்களுக்காக.

நான் மதுரைக்காரி. ஐம்பத்தெட்டு வயது. 1980 கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கூடை பின்னக் கற்றுக்கொண்டேன். அப்போது எங்கள் தெருவில் பெண்பிள்ளை இருக்கிற வீடெல்லாம் ஒயர் கிடந்தது. முதலில் சாதா முடிச்சு. அடிப்பாகம் போட்டு முடித்ததும் பெரியம்மா கூடையைத் தூக்கிப் பார்த்து, "இறுக்கம் பத்தல, பிரி" என்றார். அழுதுகொண்டே பிரித்தேன். மூன்றாவது தடவைதான் கூடை சாயாமல் நின்றது. பிறகு நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, சிவன் கண் என்று ஒவ்வொன்றாக வந்தது. அன்றிலிருந்து என் கை சும்மா இருந்ததே இல்லை. பிள்ளைகள் பிறந்த வருஷங்களில்கூட, தொட்டில் கயிற்றைக் காலால் ஆட்டிக்கொண்டு கையால் பின்னியிருக்கிறேன்.

முப்பத்தொன்பது வருஷம் அப்படிப் பின்னி, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். நாத்தனாருக்கு, நாத்தனாரின் சம்பந்தி வீட்டுக்கு, மகளின் டீச்சருக்கு, கணவரோடு வேலை பார்த்தவர்களின் மனைவிமாருக்கு. வாங்கிக்கொண்டவர்கள் எல்லாருமே நல்லவர்கள். சும்மா வாங்கவும் கூச்சப்படுவார்கள். அதனால் ஒரு வார்த்தை சொல்வார்கள்: "ஒயர் காசையாவது வாங்கிக்கோ."

அந்த ஒயர் காசைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். வேறு எதைச் சொன்னாலும் இதற்குப் பின்னால்தான்.

ஒயர் காசு என்றால் என்ன? கடைக்காரர் விற்ற ஒயருக்குக் கடைக்காரரின் விலை. அதைக் கொடுத்துவிட்டால் கூடைக்குக் கணக்குத் தீர்ந்துவிட்டது என்று வாங்குகிறவர் நினைக்கிறார். நாமும் அப்படியே நினைக்கிறோம். பின்னின கைக்கு என்ன கூலி என்று அவரும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. "நமக்குள்ள என்ன கணக்கு" என்று பெருந்தன்மையாகச் சொல்லிப் பழகிய வாய், நாளைக்கு முன்பின் தெரியாத ஒரு வாடிக்கையாளர் வந்து விலை கேட்டாலும் ஒயர் காசின்மேல் ஐம்பது ரூபாய் வைத்துச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. நான் பார்த்தவரையில், பிடித்த கைவேலையைத் தொழிலாக்க இறங்கிய பெண்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் விழுந்தார்கள். அவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. வாங்க ஆளும் இருந்தது. ஆறு மாசம் ராப்பகலாகப் பின்னிய பிறகு கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று தெரிந்தபோது மனசு விட்டுப்போனது.

என் கணக்கையே சொல்கிறேன். ஒயர் விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். இது என் நோட்டில் இருப்பது. கடைத்தெருவுக்குக் கொண்டுபோகிற அளவில் ஒரு கூடைக்கு எனக்கு மூன்று கட்டு ஒயர் பிடிக்கும். கட்டு 60 ரூபாய் வீதம் 180. அடியில் பொருத்துகிற குமிழுக்கும் மற்றதற்கும் ஒரு 10 ரூபாய். ஆக 190. அந்தக் கூடையை 300 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தேன், 110 ரூபாய் லாபம் என்று சந்தோஷமாக. ஒருநாள் என் மகள், "அம்மா, இதுக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் மணி பார்த்துப் பின்னியதில்லை.

அடுத்த கூடைக்குப் பார்த்தேன். ஒயர் அளந்து வெட்டுவதிலிருந்து கைப்பிடி முடிக்கிறவரை, இடையில் எழுந்துபோன நேரமெல்லாம் கழித்து, பதினொரு மணி நேரம். 110 ரூபாயைப் பதினொன்றால் வகுங்கள். மணிக்குப் பத்து ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26ஆம் ஆண்டில் ஒரு நாள் கூலி 336 ரூபாய் என்று அரசு நிர்ணயித்தது. எட்டு மணி நேரமென்று வைத்துக்கொண்டால் மணிக்கு 42 ரூபாய். நாற்பது வருஷ அனுபவம் உள்ள என் கை அதில் கால்வாசிகூட வாங்கவில்லை. அந்தக் கூலியையே எனக்கும் போட்டால் பதினொரு மணி நேரத்துக்கு 462, அதோடு பொருள் 190, மொத்தம் 652 ரூபாய். அதுதான் அந்தக் கூடையின் விலை. நான் கேட்டது அதில் பாதிகூட இல்லை.

"அறுநூத்தம்பது சொன்னா யாரு வாங்குவா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. கடையில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கூடை அதைவிட எவ்வளவோ குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதோடு விலையில் நாம் மோதக் கூடாது, மோதினால் தோற்போம். அது ஒரு நிமிஷத்தில் வருகிற பொருள், இது ஒரு நாள் உழைப்பு. ஆனால் மணிக்கணக்கு எழுதத் தொடங்கிய பிறகு எனக்குச் சில விஷயங்கள் புலப்பட்டன. அவற்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாகக் கணக்குப் போட்டேன்.

முதலாவது, பெரிய கூடை பார்க்கக் கம்பீரமாக இருக்கும், கூலியைத் தின்றுவிடும். தாம்பூலம் வைத்துக் கொடுக்கிற சின்னக் கூடைக்கு ஒரு கட்டு போதும். எனக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். பொருள் 60, கூலி 105, ஆக 165. அதை 180, 200 என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கொலுவுக்கு வருகிறவர்களுக்கும் வளைகாப்புக்கு வருகிறவர்களுக்கும் கொடுக்க ஒரே தடவையில் இருபது முப்பது வாங்குவார்கள். நவராத்திரி புரட்டாசியில் வரும். ஆர்டர் ஆவணிக் கடைசியில்தான் வரும். அப்போது ஒயர் வாங்கப் போனால் நேரம் போதாது. ஆடியிலேயே பின்னி அடுக்க ஆரம்பித்துவிட வேண்டும். கல்யாண விசேஷம் இல்லாத ஆடி மாசம் நமக்கு உழைப்பு மாசம்.

இரண்டாவது, நேரம் எங்கே ஒழுகுகிறது என்று நோட்டு காட்டிக்கொடுத்தது. முடிச்சுப் போடுவதில் இல்லை. ஒவ்வொரு கூடைக்கும் புதிதாக அளந்து வெட்டுவதிலும், வரிசை எண்ணிக்கை தப்பிப் பிரிப்பதிலும் போயிருக்கிறது. இப்போது ஒரே அளவில் ஐந்து கூடைக்கு ஒயரை ஒரே நாளில் வெட்டிக் கட்டி வைத்துவிடுகிறேன். பதினொரு மணி நேரம் எட்டரைக்கு வந்துவிட்டது. முடிச்சின் இறுக்கத்தை நான் குறைக்கவில்லை. பெரியம்மா இருந்தால் குறைக்க விடமாட்டார்.

மூன்றாவது, பெயர். பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிறவர்களைப் பாருங்கள். கல்யாணத்துக்கு நெய்கிற பாயில் மணமகன் மணமகள் பெயரையும் கல்யாணத் தேதியையும் சேர்த்தே நெய்துவிடுவார்கள். அந்தப் பாயை வேறொரு பாயோடு ஒப்பிட்டு யாரும் பேரம் பேச முடியாது. கூடையிலும் இரண்டு நிற ஒயர் போட்டு எழுத்துக் கொண்டுவரலாம். தமிழ் எழுத்தின் வளைவு கட்டத்துக்குள் வருவது கஷ்டம்தான். கட்டம் போட்ட தாளில் முதலில் வரைந்து பார்த்துக்கொண்டால் வரும். குழந்தையின் பெயர் போட்ட சாப்பாட்டுக் கூடைக்கு நான் கேட்கிற விலையை இதுவரை ஒருவரும் குறைக்கச் சொன்னதில்லை.

கைவேலை வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து தொழிலான கதைக்குச் செட்டிநாட்டுக் கொட்டானும் சாட்சி. பனையோலையில் ஆச்சிமார்கள் தங்கள் வீட்டு விசேஷங்களுக்கென்று பின்னிக்கொண்டிருந்தது அது. விற்பனைக்கு இருந்ததில்லை. பின்னத் தெரிந்தவர்கள் குறைந்து, கலையே அற்றுப்போகிற நிலை வந்தது. எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை அந்த வட்டாரத்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து, விற்பனைக்கும் வழி செய்து அதை மீட்டது. 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பின்னுகிற கைக்குக் கூலி கிடைத்ததால்தான் அந்தக் கலை இன்றும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆசைக்காக மட்டும் பின்னுகிற தலைமுறை எங்களோடு முடிந்துவிடும். என் மகளே பின்னுவதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மணிக்குப் பத்து ரூபாய் தருகிற வேலையை எந்தப் பெண் கற்றுக்கொள்வாள்?

என் தொழில் எப்படித் தொடங்கியது என்று சொல்லவில்லையே. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிகிற பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. அந்த மாசம் எங்கள் தெருக் காய்கறிக்காரர் கேரிபேக் இல்லை என்று கையை விரித்தார். பரணில் கிடந்த கூடைகள் எல்லா வீட்டிலும் கீழே இறங்கின. பாதிக்கு மேல் கைப்பிடி இற்றுப்போயிருந்தது. "கைப்பிடி மட்டும் மாத்தித் தர்றியா?" என்று மூன்று பேர் வந்தார்கள். அந்தப் பழுது வேலைதான் என் முதல் வருமானம். இன்றைக்கும் அதை விடவில்லை. பழைய கூடையைச் சரி செய்து வாங்கிப்போன வீட்டிலிருந்து புதுக் கூடைக்கு ஆர்டர் வரும். உங்களுக்கும் இதையே சொல்வேன். உங்கள் தெருவில் கைப்பிடி அறுந்த கூடை எத்தனை இருக்கிறதென்று விசாரியுங்கள். முதல் போடத் தேவையில்லாத ஆரம்பம் அது.

பிளாஸ்டிக் பேச்சு வந்ததால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நம் ஒயரும் பிளாஸ்டிக்தான். சிலர் அதை "இயற்கைக்கு உகந்த கூடை" என்று சொல்லி விற்கிறார்கள். அப்படிச் சொல்லாதீர்கள். "இது பிளாஸ்டிக் ஒயர். நன்றாக வைத்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் உழைக்கும், அறுந்தால் சரி செய்து தருவேன்" என்று சொல்லுங்கள். என் கல்யாணத்துக்கு முன்னால் பின்னின கூடை ஒன்று இன்னும் என் வீட்டில் காய்கறிக்குப் போய்வருகிறது. அந்த உண்மையே போதும். பொய்யாக ஒரு பெருமை வேண்டாம்.

அடி வாங்கியதையும் சொல்கிறேன், நீங்கள் வாங்காமல் இருக்க. இரண்டாவது வருஷம் வெளியூரிலிருந்து கைவினைப் பொருள் கடைக்காரர்கள் வந்தார்கள். அழகாகப் பேசினார்கள். "நாற்பது கூடை கொடுங்கள், விற்க விற்கப் பணம் அனுப்புகிறோம்" என்றார்கள். நாற்பதையும் அனுப்பினேன். எட்டு மாசம் கழித்து இருபத்திரண்டு கூடை திரும்பி வந்தது. கண்ணாடி அலமாரியில் வெயில் படப் படச் சிவப்பு வெளிறியிருந்தது, மடிப்புகளில் தூசு. விற்ற பதினெட்டில் பத்துக்குத்தான் பணம் வந்தது. மீதிக்கு போன் செய்து செய்து ஓய்ந்தேன். அன்றைக்கு எடுத்த முடிவு: பாதிப் பணம் முன்பணமாக வராமல் ஒயரை வெட்டுவதில்லை. உறவுக்காரர்கள் கேட்டாலும் இதே பேச்சுதான். முதலில் இரண்டு பேருக்கு மனவருத்தம் வந்தது. பிறகு அவர்களே மற்றவர்களிடம், "அவ கிட்ட அட்வான்ஸ் குடுத்துரு, சொன்ன தேதிக்குக் குடுத்துருவா" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

மொத்த ஆர்டர் எடுக்கும்போது ஒயர் முழுவதையும் ஒரே தடவையில், ஒரே கடையில் வாங்கிவிடுங்கள். இந்த வாரம் வாங்கின பச்சையும் அடுத்த மாசம் வருகிற பச்சையும் ஒன்றாக இருக்காது. தனியாகப் பார்த்தால் தெரியாது, ஒரே கூடைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பல்லை இளிக்கும். கூட ஒரு கட்டு வாங்கி வையுங்கள்.

கூடைக்கு எடை இல்லை, ஆனால் இடத்தை அடைக்கும். கூரியரில் அளவைப் பார்த்துத்தான் காசு வாங்குவார்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி மூன்று அளவில் பின்னி ஒரு செட்டாக விற்றால், மூன்று கூடைக்கும் ஒரு கூடையின் பார்சல் செலவுதான்.

நூறு கூடை கேட்கிற ஆர்டர் வந்தால் தனியாக ஏற்காதீர்கள், விட்டுவிடவும் வேண்டாம். நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒருவர் தொடங்கின கூடையை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது. கை மாறினால் முடிச்சின் இறுக்கம் மாறும், கூடை ஒரு பக்கம் இழுக்கும். ஒருவர் கூடை ஒருவருக்கே. கைப்பிடியை மட்டும் எல்லாக் கூடைக்கும் ஒரே ஆள் போட்டால் பார்க்க ஒன்றுபோல இருக்கும். வாடிக்கையாளர் என்ன விலை கொடுக்கிறார், ஒயருக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு, ஆர்டர் பிடித்து அலைந்ததற்கு உங்களுக்கு எவ்வளவு என்பதை எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். நமக்கு ஒயர் காசு மட்டும் கொடுத்தவர்கள் செய்ததை நாம் இன்னொரு பெண்ணுக்குச் செய்யக் கூடாது.

கடன், பதிவு பற்றிச் சுருக்கமாக. இந்தத் தொழிலுக்கு ஆரம்பத்தில் பெரிய முதல் வேண்டாம்; ஐந்தாயிரம் ரூபாய்க்கு ஒயர் வாங்கினால் இரண்டு மாசம் ஓடும். வாரத் தவணைக் கடன் வாங்கி ஆரம்பிக்காதீர்கள்; கூடை விற்பதற்கு முன்னால் தவணை வாசலில் வந்து நிற்கும். உத்யம் பதிவு ஆதாரை வைத்து இணையத்தில் செய்வது, அதற்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிற ஏஜெண்ட் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். தொழில் ஒரு வருஷம் நின்று, கணக்கு நோட்டு கையில் இருந்து, அதன்பின் பணம் தேவைப்பட்டால் வங்கிக்குப் போங்கள். முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் தருகிறார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றியும் கேளுங்கள். மானியத்தோடு கடன் தருவது அது. உங்கள் தொழிலும் வயதும் அதில் வருமா என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் மகளிர் திட்ட அலுவலகத்தில் சொல்லிவையுங்கள், கண்காட்சிகளில் இடம் கிடைக்கும். ஒரு கண்காட்சியில் மூன்று நாள் உட்கார்ந்தால், எந்த நிறத்தை ஜனங்கள் எடுத்துப் பார்க்கிறார்கள், எதை வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இனி, என்னைக் கேட்டவர்கள் எல்லாரும் கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி. "காசுக்குன்னு ஆயிட்டா, இந்த ஆசை போயிராதா அக்கா?"

போகும். கொஞ்ச நாளைக்குப் போகும். மறைக்கமாட்டேன். ஒரு கல்யாணத்துக்காக ஒரே அளவில், ஒரே பச்சையும் மஞ்சளுமாக அறுபது கூடை பின்னினேன். நாற்பதைத் தாண்டியபோது அந்தப் பச்சையைப் பார்த்தாலே தலை வலித்தது. ஆள்காட்டி விரலில் தோல் உரிந்து, பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு பின்னினேன். கழுத்து திருப்ப முடியவில்லை. ஆர்டரைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு மூன்று வாரம் ஒயரைத் தொடவே இல்லை. நாற்பது வருஷத்தில் அப்படி இருந்தது அதுதான் முதல் தடவை. தப்புச் செய்துவிட்டோமோ என்று பயந்தேன்.

பிறகு ஒருநாள், மிச்சம் மீதி கிடந்த துண்டு ஒயர்களை எடுத்தேன். யாருக்காகவும் இல்லை, அளவு கிடையாது, தேதி கிடையாது. சிவன் கண் முடிச்சில், கையில் வந்த நிறத்தில் எல்லாம் பின்னினேன். மறுபடி எல்லாம் வந்துவிட்டது, அந்த இழுப்பும், இறுகும்போது வருகிற அந்தச் சின்னச் சத்தமும். அன்றிலிருந்து விற்பனைக்கு இல்லாத ஒரு கூடை எப்போதும் என் பக்கத்தில் பாதியில் கிடக்கும். விற்கிற வேலை ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம். தரையில் குனிந்து உட்காராமல் நாற்காலியில், கூடையை மேஜைமேல் வைத்து. மணி முடிந்ததும் நோட்டை மூடிவிடுவேன். பிறகு மனசிருந்தால் அந்தக் கூடை. அதற்கு மட்டும் நான் மணி பார்ப்பதில்லை.

நாத்தனார் போன மாசம் வந்திருந்தாள். பேத்திக்கு ஒரு கூடை வேண்டும் என்றாள். விலையைச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, பர்ஸை எடுத்துப் பாதியை முன்பணமாக வைத்தாள். "இத்தனை வருஷம் நீ கேட்டதே இல்லையே மதினி, கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல" என்றாள். அவள் மனசாரத்தான் சொன்னாள். கேட்காதது நான்தான்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த கூடைக்கு ஒயரை வெட்டுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுந்து போகும்போதும் திரும்பி உட்காரும்போதும் எழுதுங்கள். கூடை முடிந்த அன்று கூட்டிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு விலை சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி,
மதுரை.